பிலோமினா அக்காவின் குட்டிப் பெட்டியில் லினக்ஸ்

கணினி திருத்துகிறவனுக்குக் கெட்ட காலம், தனக்குப் பிடித்த இயங்குதளத்தை அடுத்தவர் மேசையில் ஏற்றிவைக்கும்போது ஆரம்பிக்கிறது. லினக்ஸ் போட்டுக்கொடுத்து மாட்டிக்கொண்ட சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டி எங்கே?

பிலோமினா அக்கா இலங்கையில், மாத்தளைப் பக்கம் வஹகோட்டையில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறார். பழைய கணினி மின்னலில் போய்விட்டது. ஊர்க் கத்தோலிக்கக் கோயில் திருவிழாவுக்குப் பாட்டுத்தாள் அச்சடிப்பது வருஷாவருஷம் அவர்தான். இந்த முறை தவறினால் வேலை எதிர்க்கடை நிசார் நானாவுக்குப் போய்விடும்.

மாத்தளையிலிருந்து நான் கொண்டுபோனது சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கணினி. உள்ளே விண்டோஸ் இல்லை, லினக்ஸ். வைரஸ் வராது என்று பெருமையாகச் சொன்னேன். அக்கா அதைப் பார்த்தார். என் பைக்குள்ளும் எட்டிப் பார்த்தார்.

"இது சரி தம்பி, கம்பியூட்டர எப்ப கொண்டு வருவீங்க?"

தீர்த்தம்

அங்கே புது வான் வண்டி வாங்கினாலும் ஃபாதர் மந்திரிக்காமல் ஓடாது. அந்த வாரமே போன் வந்தது: திரை கறுப்பு. போய்க் கழற்றினேன். காற்றுத் துளை வழியாக உள்ளே தீர்த்தம். ஃபாதர் இரண்டு துளிதான் தெளித்தாராம். திருப்தி வராமல் மீதிப் போத்தலை அக்காவே கவிழ்த்திருக்கிறார்.

துடைத்து, அவர் மகளின் ஹெயார் டிரையரால் காயவைத்து எழுப்பினேன். இனிமேல் தண்ணீர் காட்டக்கூடாது என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"வைரஸ் வராதுன்னு சொன்னீங்க. பிசாசு வராதுன்னு சொன்னீங்களா?"

பாட்டுத்தாள்

திருவிழாவுக்கு முதல் நாள், பாடகர் குழுவை நடத்தும் அந்தோணி மாஸ்டர் பாட்டுகளைப் பென் டிரைவில் கொண்டுவந்தார். திறந்தால் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது. பாட்டுகள் பழைய எழுத்துரு ஒன்றில் தட்டியவை. அந்த எழுத்துரு செத்த கணினியோடு போய்விட்டது. இணையத்தில் ஒன்றை இறக்கிப் போட்டால் பாதி இடத்தில் கொம்பைக் காணோம்.

அக்கா எதிர்க்கடையைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு முதல் பக்கத்தை நிதானமாகப் பார்த்தார்.

"ஏன் பிலோமினா, பூசை மறுபடி லத்தீனுக்கே போயிருச்சா?"

எதிர்க்கடை

நிசார் நானாவிடம் அந்த எழுத்துருவைக் கேட்க அக்கா போகமாட்டேன் என்றார். நான்தான் ரோட்டைக் கடந்தேன். நிசார் நானா முழுக் கதையையும் கேட்டார். வேலையை இங்கே கொடுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ தன் விண்டோஸ் கணினியில் இருந்த எழுத்துருவைத் தன் பென் டிரைவில் போட்டுக் கையில் தந்தார்.

பின்னேரத்துக்குள் பாட்டுத்தாள் சுடச்சுட வந்தது, எல்லாக் கொம்புகளோடும். மாஸ்டர் அங்கேயே நின்று ஒரு பாட்டைப் பாடிச் சரிபார்த்தார். அக்கா சிரித்தார். நான் பென் டிரைவைத் திருப்பிக் கொடுத்து நானாவுக்கு நன்றி சொன்னேன்.

"நன்றி என்னத்துக்கு? அந்த எழுத்தே முந்தி அக்காட்ட வாங்கினதுதான். ஆனா தம்பி, அந்தக் குட்டிப் பெட்டிய மட்டும் எனக்கு விக்க வந்துராதீங்க."

விண்டோசிலிருந்து ஓர் ஆளை வெளியே கூட்டிவர, விண்டோஸ் வைத்திருக்கும் இன்னோர் ஆளின் தயவு எப்போதும் வேண்டியிருக்கிறது.