ஆறு சைஸும் எழுபத்தைந்து

ஜன்னல் வழியாகத் தாளை நீட்டும்போதே கம்ப்யூட்டர் அறைக்காரர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, உங்க திருப்பூர்ல பெரியவங்க சின்னவங்க எல்லாருக்கும் எழுபத்தஞ்சு சைஸ் பனியன்தானுங்களா?"

வாங்கிப் பார்த்தேன். நூறில் தொடங்கி ஐந்தைந்தாக இறங்கி எழுபத்தைந்தில் முடியவேண்டிய ஆறு வரிகள். ஆறிலும் எழுபத்தைந்தின் அளவுகளே இருந்தன.

கோயமுத்தூரில் நான் கணிதம் படித்த கல்லூரிக்கு அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அந்த அறையில் உதவியாளர் வேலை ஒன்று காலி. கேட்டவர்கள் இரண்டு பேர், நானும் உள்ளூர்க்காரர் ஒருவரும். சட்டையோ செருப்போ, சைஸ் உள்ள ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, ஆறு சைஸுக்கும் அளவுகளையும் ஆகும் சரக்கையும் அச்சிடும் புரோகிராம் எழுதவேண்டும். கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்க ஆளுக்கு இரண்டு ஓட்டம், செவ்வாய் ஒன்று, வெள்ளி ஒன்று. வெள்ளிக்கிழமைத் தாள் யாருக்குச் சரியாக வருகிறதோ அவருக்கு வேலை என்று எங்கள் பேராசிரியர் சொல்லியிருந்தார்.

கொமரலிங்கத்தில் நிலபுலன் உள்ள ஒரு குடும்பம் வெகு நாளாக என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. "வேலை கெடச்சா நீ அங்கயே இரு அம்மிணி. கெடைக்கலைன்னா அவங்களை வரச் சொல்லீர்றேன். அதுக்கு மேல என்னைய நிக்க வெக்காத" என்று அப்பா சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே அதனால்தான்.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அங்கே ஆறு சைஸுக்கு ஆறு அட்டை வைத்துக்கொள்வதில்லை. நூறு சைஸ் அட்டையைத் துணி அடுக்கின் மேல் வைத்து வெட்டி முடித்ததும், அதே அட்டையின் ஓரத்தைக் கத்தரித்துத் தொண்ணூற்றைந்தாக்கிவிடுவார். அப்படியே எழுபத்தைந்து வரை. சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்த நான் புரோகிராமையும் அப்படித்தான் எழுதியிருந்தேன். பனியனை உண்டாக்கும் சப்ரூட்டீன், அதாவது ஒவ்வொரு பனியனுக்கும் திரும்ப ஓடும் புரோகிராம் பகுதி, ஒவ்வொரு சைஸுக்கும் கம்ப்யூட்டர் நினைவில் ஒரே இடத்தில் பழைய அளவை அழித்துப் புதியதை எழுதியது. ஆறு பனியன்களும் தங்கள் அளவு அங்கே இருப்பதாக அந்த ஒரே இடத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. அப்பாவுக்கு அட்டை சுருங்குவதற்குள் துணி வெட்டப்பட்டுவிடும். நான் அச்சிட்டதோ எல்லாம் முடிந்த பிறகு.

"வெவரமானவங்க யாரையாச்சும் ஒருக்கா பாக்கச் சொல்லுங்களே. அந்தத் தம்பி மூணு பேர்த்துகிட்டக் காட்டீட்டாருங்க" என்றார் அறைக்காரர்.

"நானும் வெவரமானவதானுங்க."

"கோவிச்சுக்காதீங்க சாமி, நல்லதுக்குத்தான் சொன்னேன்."

யாரிடமும் காட்டவில்லை. ஒவ்வொரு பனியனுக்கும் தனித்தனி இடம் ஒதுக்கி, புரோகிராமின் வரிக்கு ஒன்றாகப் புதிதாகக் கார்டுகள் துளையிட்டு, நானே மூன்று முறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைத் தாளில் மார்பளவு, உயரம், தோள் எல்லாம் சரியாக இறங்கியிருந்தன. கடைசிக் கட்டம் துணிக்கணக்கு. நூறு சைஸுக்குத் துணி சரி. மற்ற ஐந்து பனியன்களுக்கும் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கான மீட்டர்.

புது அட்டை வெறும் அட்டையாக இருக்கும். கம்ப்யூட்டரில் புது இடம் அப்படி இல்லை, முன்பு ஓட்டியவர் விட்டுப்போன எண்கள் அதில் கிடக்கும். முன்பக்கம், பின்பக்கம் என்று துண்டு துண்டாகத் துணியைக் கூட்டுவதற்குமுன் ஒவ்வொரு பனியனின் இடத்தையும் பூஜ்யமாக்கியிருக்க வேண்டும். நான் தொடக்கத்தில் ஒரே தடவை, முதல் பனியனுக்கு மட்டும் செய்திருந்தேன். செவ்வாய்க்கிழமைத் தாளிலும் துணிக்கணக்கு தப்பாகத்தான் இருந்திருக்கும். எல்லாமே தப்பாக இருந்த தாளில் அதை நான் உற்றுப் பார்க்கவில்லை. வேறு யாரிடமாவது காட்டியிருந்தால் அவர் பார்த்திருக்கக் கூடும்.

"ஒரே ஒரு கார்டுங்க. அதை சப்ரூட்டீனுக்குள்ள தள்ளி வெச்சாப் போதும். இப்பவே மாத்திட்டேன், பாருங்க" என்று கார்டுக் கட்டை ஜன்னலில் வைத்தேன்.

அவர் புரட்டிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. "சரியாத்தானுங்க இருக்குது. ஆனா சார் ரெண்டு ஓட்டம்னா ரெண்டுதானுங்க. அந்தத் தம்பி தாளு சரியா வந்து அப்பவே சார்கிட்டப் போயிருச்சு."

கார்டுக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். அதை ஓட்டக்கூடிய யந்திரம் திருப்பூரில் எங்கேயும் இல்லை.

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரே கார்டா? அப்ப நாளைக்குப் போயி வெச்சுக் குடுத்துட்டு வா அம்மிணி."

"இனிமே ஓட்ட மாட்டாங்கப்பா."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "கொமரலிங்கத்துக்காரங்களை ஞாயித்துக்கெழம வரச் சொல்லட்டுமா?"

"வரச் சொல்லுங்க" என்றேன்.