கால்மாட்டுக் கண்ணாடி

டோ மியா சீயின் அறையில் கட்டிலை நீளவாக்கில்தான் போட முடியும். குறுக்கே போட்டால் கதவு திறக்காது. கிழக்குச் சுவரில் உயரமாகப் புத்தர் பலகை. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கழிவறை. அந்தச் சுவரில் புத்தரை வைக்க முடியாது. அவரை நோக்கிக் கால் நீட்டவும் கூடாது. அதனால் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவள் கணவர் ஊ தௌங் பே, புத்தருக்குக் கீழே தலை வைத்துப் படுத்திருந்தார். எதிரே வெறும் சுவர்.

சிலை அவர் வாங்கியது. ரயில்வேயில் சேர்ந்த வருடம், மாந்தலேயில் கல் செதுக்கும் தெருவிலிருந்து ரங்கூன் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிக்குகள் ஓதிவிட்டுப் போன பிறகு அது கல் இல்லை, வீட்டில் ஓர் ஆள். விடிந்ததும் தண்ணீர், சோற்றின் முதல் கரண்டி, வாடாத தழை. ஒன்பது கிண்ணம் தண்ணீர் என்று வேண்டிக்கொண்டு வைத்தவரும் அவர்தான். அப்போது ஏறித் துடைத்தவரும் அவரே.

இப்போது எல்லாம் மியா சீ. மின்சாரம் வந்தால்தான் பம்பு. வராத நாளில் மூன்று மாடிக்கும் வாளி. அவரைப் புரட்டி, துடைத்து, துணி அலசிய பிறகு முக்காலியில் ஏற வேண்டும். மழைக்காலம் தொடங்கியபோது ஒருநாள் பழைய தண்ணீர் மேலேயே கொஞ்சம் ஊற்றினாள். பிறகு அதுவும் இல்லை. ஏறி நின்று கிண்ணத்தோடு கிண்ணத்தைத் தட்டுவாள். சத்தம் கேட்டதும் கட்டிலில் இடது கை நெற்றிக்குப் போகும். அவள் இறங்கிவிடுவாள்.

"மியா, என்னைத் திருப்பிப் போடு. அவரைப் பாக்கணும்."

"கால் அவர் பக்கம் போகும், கோ தௌங்."

"செத்துப்போன காலுதானே."

"செத்தாலும் கால் காலுதான்."

அவள் சொன்னதில் தப்பில்லை. அதோடு, திருப்பிப் போட்டால் கிண்ணங்களும் தெரியும்.

கீழே மொஹிங்கா நூடுல்ஸ் விற்கும் மா ஓன், மீந்ததைக் கொண்டுவந்தவள், இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏன் அண்ணே, இவ்வளவு நாளா அக்கா மூஞ்சியப் பாத்தது போதலையா? சாமியும் வேணுமா?"

"உன் மூஞ்சியும் பாத்தாச்சு. அதான் சாமி கேக்குறேன்."

மா ஓன் சிரித்துக்கொண்டே இறங்கிப் போய், கடையில் முகத்துக்குத் தனகாச் சாந்து பூசப் பார்க்கும் கண்ணாடியோடு திரும்பினாள். மியா சீ வேண்டாம் என்று சொல்லக் காரணம் தேடுவதற்குள், கால்மாட்டுச் சுவரில் பழைய காலண்டர் ஆணியில் அதை மாட்டிவிட்டாள். கொஞ்சம் சாய்த்தாள்.

"தெரியுதா அண்ணே?"

அவர் இடது கை நெற்றிக்குப் போனது. கண் ஓரத்தில் வழிந்தது. மியா சீ துடைத்துவிட்டாள்.

மறுநாள் விடியும்போது மின்சாரம் இல்லை. பானையில் குடிக்க மட்டும் தண்ணீர். கீழே போய்வர அவளுக்குக் கால் வரவில்லை. முக்காலியில் ஏறினாள். கிண்ணங்களின் உள்ளே பச்சையாகப் படிந்திருந்தது. தழை சருகு. புத்தரின் மடியில் தூசி. முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் அவர் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. அவள் தட்டவில்லை. சும்மா நின்றாள்.

"மியா."

"தண்ணி இல்லைங்க. ரொம்ப நாளா மாத்தலை. தினமும் சும்மா தட்டினேன்."

அவர் பார்வை கண்ணாடியில் கீழே இறங்கியது.

"முட்டி ஏன் அப்படி ஆடுது?"

"எந்த முட்டி?"

"உன் முட்டிதான். எப்பலேர்ந்து?"

அவள் யோசித்துப் பார்த்தாள். தெரியவில்லை.

"எட்டு கிண்ணத்தைக் கீழே எடு. ஒண்ணு போதும்."

"நீங்கதானே ஒன்பதுன்னு வேண்டிக்கிட்டீங்க?"

"ஏறப்போறது நான்னு நெனச்சு வேண்டிக்கிட்டேன். எடு."

எட்டையும் கீழே இறக்கி ஒதுக்கி வைத்தாள். ஒன்பதாவதைப் பானைத் தண்ணீரில் துடைத்துக் கழுவி, நிரப்பி, மறுபடி ஏறி, புத்தர் முன் வைத்தாள். மடித் தூசியைத் தலைத்துணியால் எடுத்தாள். பிடித்துப் பிடித்து இறங்கியவள், உலை வைப்பதை மறந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அப்புறம்தான் கண்ணாடி நினைவுக்கு வந்தது.

"மறைக்கிறேனா?"

"மறைக்கிறேதான்" என்றார். "இரு."