மழையில் உலர்ந்த படலம்

மும்பையில், தாராவியிலிருந்து மாட்டுங்காவில் இருக்கும் ஆய்வகத்துக்கு நடந்தே போய்விடுவேன். அங்கே நான் ஆராய்ச்சி மாணவி. கண்ணுக்குத் தெரியாத உலோக நானோ துகள்கள், அவற்றின் மேல் மின்சாரம் கடத்தும் பாலிமர் இழைகள். கரைப்பானில் கலந்து கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டால், உலர உலரத் துகள்கள் தாமாகவே வரிசையாக அடுக்கிக்கொண்டு மெல்லிய படலமாகும். பேட்டரிக்கும் சென்சாருக்கும் உதவும் பொருள் அது.

"தானா அடுக்குமா? அப்ப அங்க உனக்கு என்னட்டி வேல?" பை தைக்கும் பட்டறையிலிருந்து வந்த அம்மா கேட்டாள்.

"அது அடுக்குததுக்குத் தோதா எல்லாம் செஞ்சு குடுக்கணும்மா."

ஜூலையில் மழை பிடித்ததும் எல்லாம் கெட்டது. குளிர்காலத்தில் பளபளத்த படலம் இப்போது பால்போல வெளுத்தது. அதில் மின்சாரம் பாயவில்லை. செம்பூரிலிருந்து வரும் என் வழிகாட்டிப் பேராசிரியை, "இதை அக்டோபருக்கு வச்சுக்கோ. அதுவரைக்கும் வேற ப்ராஜெக்ட்ல சேர்ந்துடு," என்றார்.

"மழையில செய்ய முடியலேன்னா இந்த ஊர்ல வருஷத்துக்கு நாலு மாசம் சும்மா இருக்கணும் மேடம். நான் இப்பவே பாக்குறேன்."

"சரி, ஏன் கெட்டுப்போறதுன்னு முதல்ல கண்டுபிடி."

மைக்ரோஸ்கோப்பில் படலம் முழுக்க வட்ட வட்டமாக ஓட்டைகள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது தகடு சில்லிட்டு, காற்றின் ஈரம் அதன்மேல் துளித்துளியாகப் படிந்திருக்கிறது. துளி உட்கார்ந்த இடமெல்லாம் ஓட்டை.

மூடி போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து உலர்த்தினேன். ஓட்டைகள் போயின; வெடிப்புகள் வந்தன. அன்று சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை. ஆனால் விடுவதாக இல்லை. உலரும் வேகம்தான் இன்னும் குறையவில்லை என்று பட்டது. கரைப்பான் ஊற்றிய சின்னக் கிண்ணத்தையும் உள்ளே வைத்தேன். பெட்டிக்குள் அதன் ஆவி நிறைந்ததும் சொட்டு அவசரமில்லாமல் உலர்ந்தது.

மறுநாள் மூடியைத் திறந்தேன். தகடு முழுக்க ஒரே சீரான பச்சை மினுமினுப்பு. மின்கடத்தலை அளக்கும் மீட்டரில் எண் ஏறியது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

பேராசிரியை சிரிக்கவில்லை. "திரும்பவும் வரதான்னு பாரு." அடுத்த படலம் சரியாக வந்தது, அதற்கடுத்ததில் மறுபடி வெடிப்பு. மூடி சரியாகப் படியவில்லை, மாற்றினேன். அப்புறம் தவறவேயில்லை.

தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி லோக்கல் ரயில் நின்றுபோன ஒரு நாள், வீடு திரும்ப முடியாத பேராசிரியை தன் கையாலேயே சொட்டு விட்டுப் பார்த்தார். அவருக்கும் படலம் வந்தது.

"ஆராய்ச்சிக் கட்டுரையை எழுத ஆரம்பிச்சுடு," என்றார்.