ஆட்டை அவிழ்த்துவிட ஓடியவள்

கரம்பொன் கிராமத்துச் சனசமூக நிலையத்தின் யன்னல்களைச் சாக்கால் மூடிப் பின்னேர வெயிலைத் தடுத்திருக்கிறார்கள். காசாப் பிள்ளைகளின் மருந்துக்கு நிதி சேர்க்க ஆவணப்படம் ஓடுகிறது. பேச்சு அரபு. காசாவில் தங்கியிருந்து புத்தகம் எழுதிய கொழும்புப் பெண் இடையிடையே தமிழில் சொல்கிறார்.

திரையில் ஒரு குடும்பம் வீட்டைவிட்டுப் புறப்படுகிறது. வண்டி நகர்ந்த பிறகு எங்கோ ஆடு கத்துகிறது; தாய் மட்டும் குதித்து இறங்கித் திரும்பி ஓடுகிறாள். எழுத்தாளர் இந்த இடத்தை இன்னும் தமிழில் விளக்கவில்லை.

“ஆட்டை அவிட்டுவிடப் போறா,” என்கிறார் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருக்கும் அக்கா.

“கெதியா அவிட்டுவிடு!” பின்வரிசைகளிலிருந்தும் அவசரப்படுத்தும் குரல்கள் வருகின்றன.

வீட்டின் பின்வளவில் தாய் ஆட்டின் கயிற்றை அவிழ்க்கிறாள். மண்டபம் முழுவதும் ஒரே பெருமூச்சு. நான் அக்காவின் பக்கம் திரும்புகிறேன்.

“இந்தப் படத்தை முன்பே பார்த்திருக்கிறீர்களா அக்கா?”

“இல்லைத் தம்பி. சண்டை நேரம் இடம்பெயரேக்கை நானும் எங்கடை பசுவை ஓடிப்போய் அவிட்டுவிட்டனான். கட்டினபடி விட்டால் செத்துப்போகுமெல்லே.”

படம் முடிகிறது. கேள்விகள் கேட்கலாம் என்கிறார் எழுத்தாளர். அக்கா எழும்புகிறார்.

“கேள்வியில்லைப் பிள்ளை. அந்த மனிசியைக் கண்டால் சொல்லும். எங்கடை பசு திரும்பி வரேல்லை. நாங்கள் வந்தனாங்கள்.”