ஜன்னல் வரை நடை

அந்த டான்யூப் கரை ஊரில், ஸ்லாத்தினா நொண்டுகிறவள் என்று தெரிந்தவர்கள் ஐந்து பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். மூன்று வயதில் வந்த போலியோ இடது காலைச் சூம்பவைத்துவிட்டுப் போயிருந்தது. அவளுடைய அம்மா சமையலறைத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, சாப்பாட்டுக்கு முன் தினமும் அதன்மேல் நடக்க வைத்தாள். இடுப்பை எந்த அடியில் இறுக்குவது, எங்கே மூச்சைப் பிடிப்பது எல்லாம் அந்தக் கோட்டில் கற்றது. காலில் இரும்புப் பட்டை, அதை மறைக்கக் கணுக்கால் வரை பாவாடை. திரைச்சீலைக் கடையில் இருபத்தாறு வருடம் நின்றபடியே துணி வெட்டினாள். அறுபத்தொரு வயதுவரை அந்த நடை அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. வலியை மட்டும் வீட்டுக்கு வந்து தனியாக அனுபவித்தாள்.

போன வசந்தத்தில் நகராட்சி கடைத்தெருவுக்குள் வண்டி வரக்கூடாது என்றது. இனிமேல் காரைக் கீழே ஆற்றோரம் விட்டுவிட்டு எண்பத்துநாலு படி ஏற வேண்டும். தெருமுனையில், கடைக்கு இருபதடி தள்ளி, சக்கர நாற்காலிப் படம் வரைந்த ஒரே ஒரு இடம். அங்கே நிறுத்த அட்டை வேண்டும். அட்டைக்கு மருத்துவக் குழுவின் சான்று வேண்டும். கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான்.

குழுவுக்கு முன்னால் போகும் நாளில் ஸ்லாத்தினா முடி திருத்திக்கொண்டாள், சட்டையை இஸ்திரி போட்டாள், காலணிக்குப் பாலிஷ் போட்டாள். அதிகாரிகள் முன் கசங்கிப்போய் நிற்பதை அந்த ஊரில் யாரும் செய்ய மாட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று மருத்துவர்கள். தலைவர் வாபிரோவ் பேனாவால் காட்டினார்.

"ஜன்னல் வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடந்தாள். சுண்ணக்கட்டிக் கோட்டில் நடந்த அதே நடை. பாவாடையைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மேசையில் இருந்த அவளுடைய நாற்பது பக்க மருத்துவக் கோப்பை யாரும் பிரிக்கவுமில்லை. மூன்று வாரத்தில் கடிதம் வந்தது: 'நடை இயல்பாக உள்ளது. அட்டை தேவையில்லை.'

பக்கத்து வீட்டு ரங்கெல் விழுந்து விழுந்து சிரித்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன். ரத்த அழுத்தம் என்று சொல்லி, மைத்துனன் தயவில் அட்டை வாங்கியவன்.

"கல்யாணத்துக்குப் போற மாதிரி போயிருக்கியேக்கா! மேல்முறையீட்டுக்குக் கிழிஞ்ச செருப்போட போ. தலை சீவாத. படியில உக்காந்து முனகு. நான் அப்படித்தான் வாங்கினேன்."

"நீ வெக்கத்தைக் கழட்டி வெச்சுட்டு வாங்கின, ரங்கெல். எனக்குக் கழட்ட வராது."

அந்த 'இயல்பாக' என்ற சொல் அவளைத் தூங்கவிடவில்லை. ஐம்பத்தெட்டு வருடம் பல்லைக் கடித்துச் சம்பாதித்ததை ஒரே சொல்லில் அவளுக்கு எதிராகத் திருப்பியிருந்தார்கள்.

மேல்முறையீட்டுக்கும் அதே சட்டை, அதே பாலிஷ். லிஃப்ட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி சாப்பிடப் போயிருந்தான். இரண்டு மாடி ஏறினாள். அதே மேசை, அதே வாபிரோவ், அதே ஜன்னல்.

இந்த முறை அவள் இடுப்பை இறுக்கவில்லை. அவ்வளவுதான் செய்தாள். இடது தோள் தாழ்ந்தது, கால் வெளிப்பக்கமாக அரைவட்டம் போட்டு வந்தது, இரும்புப் பட்டை ஒவ்வொரு அடிக்கும் 'டக்' என்றது.

வாபிரோவ் பேனாவைக் கீழே வைத்தார். "போன தடவை நல்லாத்தானே நடந்தீங்க? நொண்டச் சொல்லி யாரு சொல்லிக்குடுத்தா? இங்க நடிக்கக் கூடாதும்மா."

"போன தடவைதான் நடிச்சேன், டாக்டர்." பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கினாள். அம்மாவுக்குப் பிறகு, வைத்தியம் பார்த்தவர்களைத் தவிர யாரும் பார்க்காத கால். "மூணு வயசுலேர்ந்து நடிக்கிறேன். நல்லா நடிச்சதுக்குத்தான் 'இயல்பு'ன்னு எழுதி அனுப்பினீங்க. இப்பவாச்சும் அந்தக் கோப்பைத் திறங்க. திறக்கிற வரைக்கும் இப்படியே நிக்கிறேன்."

ஓரத்தில் இருந்த இளம் மருத்துவர் தலைகுனிந்தபடி கோப்பை இழுத்தாள். மூவரும் முதல் தடவையாகப் படித்தார்கள்.

அட்டை வந்தது. ஓராண்டுக்கு மட்டும். ஸ்லாத்தினா மருத்துவக் குழு அலுவலகத்தோடு தொலைபேசியில் பேசினாள்.

"அடுத்த வருஷம் வந்து திரும்ப நடந்து காட்டணும்மா. நிலைமை மாறியிருக்கலாம் இல்லையா?" என்றது ஒரு பெண்குரல்.

"செத்த நரம்புக்கு ஐம்பத்தெட்டு வருஷமா உயிர் வரல. உங்க தேதிக்கு வந்துடுமா?"

அந்தப்பக்கம் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் கார் தெருமுனைக்கு வந்தபோது, சக்கர நாற்காலிப் படத்தின்மேல் ரங்கெலின் ஜீப் நின்றிருந்தது. அவன் எதிர்க் காப்பிக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். ஜீப்புக்கு முன்னால் சுவர். ஸ்லாத்தினா அதன் பின்பக்கத்தை ஒட்டிக் காரை நிறுத்தினாள். கண்ணாடியில் அட்டையை வைத்தாள், பூட்டினாள்.

"அக்கா! நான் எப்படி வண்டிய எடுக்கிறது?"

"ஆறு மணிக்குக் கடை சாத்துவேன். அதுவரைக்கும் முனகிட்டு இரு."

தெருவே திரும்பிப் பார்த்தது. அந்த இருபதடியையும் இடுப்பை இறுக்காமல், டக் டக்கென்று, அவள் நடந்து போனாள்.