பச்சையை நம்பாத ஜுலைகா அக்கா

சின்னமனூர் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தபோது ஜுலைகா அக்காவின் மகன் அழைத்தான். "அம்மா மௌத்தாயிட்டாகண்ணே. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." நான் நம்பவில்லை. நம் அலுவலகத்துக்கு அழைத்து இன்னொரு வாயால் கேட்ட பிறகுதான் நம்பினேன். யார் சொன்னாலும் ஒருமுறை சந்தேகப்படுகிற அந்தப் பழக்கமே அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

தோட்டத் தொழிலாளர்களுக்கான துண்டறிக்கைகளை நாங்கள் இருவரும் எழுதினோம் என்பது உங்களுக்குத் தெரியும். எழுதியதை ஒரு மென்பொருளில் போட வேண்டும். அது வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் நீளத்தையும் எண்ணி, வாசிக்க எளிது என்றால் பச்சை காட்டும். கடினம் என்றால் சிவப்பு. பச்சை வந்தால்தான் அச்சுக்குப் போகும். அக்காவுக்கு அந்தப் பச்சையைக் கண்டாலே ஆகாது. "இது எந்த ஊர்க்காரவுககிட்ட வாசிக்கக் குடுத்துப் பாத்துச்சாம்? மேகமலைக்கு ஒரு நாளாச்சும் வந்திருக்கா?" என்பார்.

பூச்சிமருந்துத் துண்டறிக்கை பளிச்சென்று பச்சை காட்டியது. அக்கா அச்சான தாளில் ஒன்றை எடுத்துக்கொண்டார். புது டப்பா ஒன்றில் வெறும் தண்ணீரை ஊற்றி மூடினார். முகமூடி ஒன்றையும் பையில் போட்டுக்கொண்டு ஜீப் ஏறிவிட்டார். நான் முனகிக்கொண்டே கூடப் போனேன். ஏலக்காய்த் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலுத்தாயிடம் எல்லாவற்றையும் கொடுத்து, "வாசிச்சுக்கிட்டே அதுபடி செய் ஆத்தா" என்றார்.

வேலுத்தாய் தடுமாறாமல் வாசித்தார். 'மருந்து டப்பாவின் மூடியைத் திறக்கவும்.' திறந்தார். குனிந்து உள்ளேயும் பார்த்தார். பிறகுதான் அடுத்த வரி: 'அதற்கு முன் முகமூடி அணியவும்.'

"அடப் பாவிகளா, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. 'முகமூடி அணிந்த பிறகே மருந்து டப்பாவின் மூடியைத் திறக்க வேண்டும்' என்று அவர் ஒரே வாக்கியமாகத்தான் எழுதியிருந்தார். அது தாளில் இரண்டாகக் கிடந்தது.

மறுநாள், அச்சான தாள்களை ஏன் நிறுத்த வேண்டும் என்று மேலதிகாரி கேட்டபோது, "மெஷினுக்குப் பயந்து மாத்திப்புட்டோம் சார். இனி மாத்த மாட்டோம்" என்று அக்கா முடித்துவிட்டார். கட்டுக்கட்டாக இருந்த தாள்களில் ஒன்றுகூட அதன்பின் மலை ஏறவில்லை.

அந்த வாக்கியத்தை வெட்டியது மென்பொருள் என்றே நீங்கள் எல்லோரும் நினைத்திருப்பீர்கள். அது சிவப்பு மட்டும்தான் காட்டியது. பச்சை வரட்டும் என்று இரண்டாக வெட்டியவன் நான். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு அன்றே தெரியும். மலை இறங்கும்போது, "மெஷினுக்குக் கை ஏது தம்பி" என்றார். அதன்பின் என்னிடம் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அவர் இருந்தவரை இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சந்தேகத்தைத்தான். இப்போதெல்லாம் பச்சை எரிந்தால், முதலில் என்னைத்தான் சந்தேகப்படுகிறேன்.