கொள்ளிடத்தில் இரண்டு தீப்பந்தங்கள்

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது கைலாசபுரத்து ரஞ்சனிக்கு, பட்டப்பகலில், அவள் வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. பொய் சொல்லி அவளுக்கு ஆகவேண்டியது ஒன்றுமில்லை.

கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகக் கல் அடுக்கி ஊர் கட்டும் விளையாட்டை ரஞ்சனியும் நண்பர்களும் ஆன்லைனில் சேர்ந்து விளையாடுவார்கள். சர்வர் ரஞ்சனியுடையது. இரண்டு வருடத்தில் ஸ்ரீரங்கத்தையே அதில் எழுப்பிவிட்டார்கள். காவிரி, கொள்ளிடம், பாலத்தின் தூண்கள் எல்லாம் அளவு பிசகாமல். வழியெல்லாம் தீப்பந்தம் நடுவது ரெங்கராஜின் வேலை. யாரும் சொல்லிச் செய்ததில்லை. “புதுசா வர்றவங்க இருட்டுல விழுந்துடக் கூடாதுக்கா” என்பான்.

அந்த ரெங்கராஜை மூன்று வாரமாகக் காணவில்லை. கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது ஸ்ரீரங்கத்து வீட்டிலிருந்து கிளம்பியவன் திரும்பவில்லை. அவன் அப்பா தேடாத ஊரில்லை. என்றாவது வருவான் என்று ரஞ்சனி அவன் பெயரைச் சர்வரிலிருந்து நீக்காமல் வைத்திருந்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. ஆற்றில் நிஜம்போல வெள்ளம் ஏறி இறங்கச் செய்யும் ஒரு ‘மோட்’, அதாவது விளையாட்டோடு ஒட்டவைக்கும் கூடுதல் புரோகிராம், அதைச் சர்வரில் சேர்த்தாள். அதே மோடை ஒவ்வொருவரும் தங்கள் கம்ப்யூட்டரிலும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நுழையவே முடியாது.

திருவெறும்பூரிலிருந்து அஜித் போன் செய்தான். “அக்கா, மோட அனுப்புறீங்களா, இல்ல நல்ல நேரம் பாத்துட்டிருக்கீங்களா?”

“சோதிச்சுப் பாத்துட்டு அனுப்புறேன், இருடா. போன தடவ உன் வீடுதான் அந்தரத்துல தொங்குச்சு.”

போனை வைத்தாள். சர்வரை ஓடவிட்டு உள்ளே போனாள். மணி 3.10.

திரையில் கொள்ளிடம் கரை தொட்டு ஓடியது. மூலையில், உள்ளே இருப்பவர்களின் பெயர்கள்.

ரஞ்சனி.

ரெங்கராஜ்.

மோட் இன்னும் அவளைத் தவிர யாரிடமும் இல்லையே...

‘ரெங்கா, எங்கடா இருக்க? அப்பா தேடுறாருடா’ என்று தட்டினாள்.

பாலத்தின் மேல் அவன் உருவம் முதுகு காட்டி நின்றது. பிறகு தண்ணீருக்குள் இறங்கியது. மேலே வரவில்லை.

ஸ்பீக்கரில் சத்தம். குளக்... குளக்...

திரையில் எழுத்து வந்தது.

‘தண்ணிய எறக்குங்கக்கா.’

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள். சத்தம் நிற்கவில்லை.

குளக்... குளக்...

‘இருட்டா இருக்குக்கா.’

வாசல் நாலடி தூரம்தான். எழுந்து ஓடியிருக்கலாம். ஆனால் கேட்பது ரெங்கராஜ் அல்லவா... “ரெங்கநாதா” என்று முனகிக்கொண்டே மோடில் நீர்மட்டத்தைக் குறைத்தாள்.

தண்ணீர் வடிந்தது.

மணல் தெரிந்தது.

ஸ்ரீரங்கம் கரையிலிருந்து மூன்றாவது தூண். அதன் அடியில் இரண்டு தீப்பந்தங்கள். ஒன்றையொன்று ஒட்டி.

சத்தம் நின்றது.

மூலையில் ஒரே பெயர். அவளுடையது.

ரெங்கராஜின் அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

“அங்கிள், எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க. கொள்ளிடம் பாலம், உங்க கரையிலேருந்து மூணாவது தூண்.”

“சரிம்மா” என்றார்.

மறுநாள் அங்கே மணலைத் தோண்டினார்கள். ரெங்கராஜ் இருந்தான். அவன் கைக்குள் இன்னொரு கை இருந்தது. சின்னக் கை.

ஐந்து வயதிருக்கும். பெண் குழந்தை. அதைக் கரையேற்றத்தான் அவன் இறங்கியிருக்க வேண்டும்.

எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் புகார் இல்லை. அந்தக் குழந்தையைக் காணோம் என்று இன்றுவரை யாரும் வரவில்லை...